தலைதட்டி

நியாய விலை என்றால் எங்கள் ஊரில் அது ஒரு கடை.
விரல் ரேகை வைத்தால் அரிசி.
மெஷின் ரேகையை ஏற்காவிட்டால்
நாளைக்கு வா.
அதனால்தான் அம்மா போனில் கேட்டாள்:
ரேஷன் கடையை ஆராயவா
பினாங்கு வரைக்கும் போனாய்?

இல்லையம்மா, காப்பி.
நாற்பத்திரண்டு கேள்விகள்.
ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்கள்.
ஐந்து என்றால் முழுச் சம்மதம்.

சூலியாத் தெருவிலிருந்து பிரியும் சந்தில்
ஊய் கியாட் செங்கின் கடை.
முன்பு இங்கே சவப்பெட்டி விற்றார்களாம்,
பெருமையாகச் சொன்னார்.
காரை உதிர்ந்த சுவரை உதிர்ந்தபடியே விட்டு
அதன்மேல் விளக்குப் போட்டிருந்தார்.
கொட்டைப் பைகளில்
மலையின் உயரம், விவசாயியின் பெயர், அவர் சிரிப்பு,
குடித்தபின் நாவில் நிற்பவை:
கருப்பட்டி, ஜாதிக்காய், ஈரப் புகையிலை.
கோப்பை பதினெட்டு ரிங்கிட்.
தூளும் பதினெட்டு கிராம்தான்.
புள்ளி இரண்டு கூடினால்
கடைப் பையன் விரல் நுனியால் தட்டி எடுத்துவிடுவான்.

நல்ல மனிதர், எதையும் மறைக்கவில்லை.
ரசீதுகளைத் தானே மேசையில் பரப்பினார்.
சந்தை விலைபோல் ஒன்றரை மடங்கு,
நேராகக் கூட்டுறவுச் சங்கத்துக்கு.
தாக்கேங்கோன் மலையிலிருந்து லாரியில் மேடான்,
பெலாவானில் கப்பல்,
நீரிணையைத் தாண்டினால் இவர் கதவு.
ஒன்பதாம் கேள்விக்கு ஐந்தை வட்டமிட்டார்.
அன்று பேருந்தில் நான் நன்றாகத் தூங்கினேன்.

இரண்டாம் முறை போனபோது மழை.
பின்கட்டில்
கோப்பை கழுவும் தொட்டியருகே ஒதுங்கினேன்.
கழுவிக்கொண்டிருந்தவள்
பையைக் கண்ணால் காட்டி
எங்கள் மலை என்றாள், மலாயில்.
பதினோரு வயதில் பழம் பறிக்கத் தொடங்கியவள்.

கேள்வி இருபத்தாறு:
ஒரு கிலோ பறிக்க என்ன கூலி?

கிலோவா?
எங்களுக்கு டின் கணக்கு.

ஒரு டின் எத்தனை கிலோ?

நுரை வழியும் கையால்
இல்லாத டின்னின் வாயை நேராக வழித்தாள்.
இது கூலி பேசும் டின்.
பிறகு அதே வாயின்மேல்
இரண்டு உள்ளங்கைகளையும் கூட்டி
ஒரு சின்ன மலை கட்டினாள்.
இது கூலி கொடுக்கும் டின்.

முதலாளியைப் படியளக்கிறவர் என்று
சொல்லும் மொழியில் பிறந்தும்,
படியை எப்படி அளந்தார் என்ற கேள்வி
என் நாற்பத்திரண்டில் இல்லை.

யார் அப்படிக் குவிக்கச் சொல்வது?
பையில் சிரிக்கிறாரே, அவர்தான்.
உடனே அவருக்காகவும் பேசினாள்:
பாவம், சங்கத்தில் அவருக்கு
ஈரம் என்று சொல்லிக் கழிப்பார்கள்.
மழை நாளில் நிறையக் கழிப்பார்கள்.

ஒப்புதல் படிவத்தை நீட்டினேன்.
கையைத் துடைத்துக்கொண்டாள்,
ஆனால் வாங்கவில்லை.
பாஸ்போர்ட் ஏஜெண்டிடம் இருக்கிறது.
பெயர் எங்கேயும் வேண்டாம்.

கையெழுத்தில்லாத பேச்சு
ஆய்வில் சேராது, விதி.
குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தை
அவள் முன்னாலேயே கிழித்தேன்.
பங்கேற்றவர்களுக்கு இருபது ரிங்கிட் கூப்பன் உண்டு,
இதே கடையில் செல்லும்.
ஒரு கோப்பை, மிச்சம் இரண்டு ரிங்கிட்.
காசாகத் தர முடியாதா என்றாள்.
அதற்கும் விதி இருந்தது.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை.
அடுத்த கோப்பையைக் குழாயடியில் திருப்பியபடி
கேட்டாள், சும்மா தெரிந்துகொள்ளத்தான்:
இதையெல்லாம் கேட்டு எழுத
உனக்கு மாதம் எவ்வளவு தருகிறார்கள்?

சொன்னேன்.
தலைதட்டித்தான் சொன்னேன்.