பழுப்பு

ஆறு மணிக்கு மேல்
அவினாசி சாலை ஆய்வகத்தில்
நானும் மைக்ரோடோமும்தான்.
மெழுகில் உறைந்த இரைப்பைத் துண்டொன்றை
நாலு மைக்ரான் தடிமனில் சீவுகிறேன்.
கட்டை எண் 4127.
பெயர் எனக்குத் தெரியக்கூடாது; தெரியும்.
சென்னியப்பன், ஊத்துக்குளி.
பவர் டேபிளில் இருபத்தாறு வருஷம்
பனியன் கழுத்துக்கு லேபிள் வைத்தவர்.

அவசரக்காரச் செல்கள்.
காற்று இருந்தும் மூச்சு விட நேரமில்லை,
சர்க்கரையை அரைகுறையாய் எரித்துவிட்டு
மிச்சத்தை வாசலில் கொட்டுகின்றன: லாக்டேட்.
ரொம்ப நாள் அதைக் கழிவென்றே எழுதிவைத்தோம்,
சாயத் தண்ணீரை நொய்யலில் திறந்துவிட்டு
போய்த் தொலைந்ததென்று கை கழுவியதைப் போல.
(நொய்யலுக்கும் இந்த வயிற்றுக்கும் முடிச்சுப் போட
என்னிடம் ஆதாரமில்லை. உவமை மட்டும்தான்.)

உட்கருவில் மரபு நூலைச் சுற்றிவைத்த கோன்கள் உண்டு,
ஹிஸ்டோன் என்று பெயர்.
கொட்டிய கழிவு திரும்பி வந்து
கோனின் ஓரத்தில், லைசின் என்னும் சின்னக் கொக்கியில்
தொற்றிக்கொள்கிறது, லேபிள் மாதிரி.
சுற்று தளர்கிறது.
மூடிக் கிடந்த வரிகளைச் செல் படிக்கத் தொடங்குகிறது:
வளர், பரவு,
காவலுக்கு வந்தவனைத் தூங்கவை.

தைத்தது எந்தக் கை?
இரண்டு மூன்று நொதிகளின் பெயர் சொல்கிறார்கள்.
நான் பார்ப்பது நிறத்தை மட்டும்.
ஆன்டிபாடி விட்டு, கழுவி, காத்திருந்தால்
லேபிள் ஏறிய உட்கரு பழுப்பாகும்.
4127 முழுக்கப் பழுப்பு,
விளிம்பில் ஒரே ஒரு நல்ல சுரப்பி தவிர.

போன வாரம் அவர் மனைவி தெய்வாத்தாள்
ரிப்போர்ட் ஜன்னலில் குனிந்து கேட்டார்:
"ஏனுங்க, மருமக செல்போனுல படிச்சாளுங்க,
தயிர்ப் புளிப்பும் இந்த நோவும் ஒண்ணுதானாமுங்க.
அவருக்குத் தயிருஞ்சோறு மட்டுந்தான் எறங்குது.
நிறுத்திப்போடட்டுங்களா?"

வெண்ணெய்க்குப் பேர்போன ஊர்க்காரர்.
டாக்டர் சொல்ல வேண்டியதை நான் சொன்னேன்:
குடுங்கம்மா.
இது வெளியிலிருந்து வரும் புளிப்பில்லை,
கட்டி தனக்குத் தானே காய்ச்சிக்கொள்வது.
"அப்ப இஞ்சி தட்டிப் போட்டுக் கரைக்கறனுங்க"
என்று சில்லறை எண்ணிக்கொண்டே போனார்.

கத்தியைத் துடைத்து மூடுகிறேன்.
மேலங்கியைக் கழற்றினால்
பிடரியில் பனியன் லேபிள் உறுத்துகிறது.
கத்தரி மேஜைமேல்தான் இருக்கிறது.
எடுக்கவில்லை.