பச்சை

ஒளிபரப்பு வரைபடத்தில் புக்கிட் செலார் பச்சை.
பச்சையென்றால் படம் தெளிவாக வருமாம்,
விரல் வைத்துக் காட்டினார் அதிகாரி.

இங்கே குறுக்கே நிற்பதும் பச்சைதான்.
இருபது வருசத்துச் செம்பனை.

மறுநடவுக்கு மரங்களைச் சாய்த்தபோது
வெறும் கம்பியை ஜன்னலில் சொருகினாலே
அத்தனை அலைவரிசையும் வந்தது.
குலை வெட்டும் வேலைதான் வரவில்லை.

நேற்று ராத்திரி அடைமழை.
இலவசமாய்க் கொடுத்த டிகோடர்,
கூரைமேல் ஏரியலைத் திருப்பியபடி நித்தியகலா.
"இடப்பக்கம்... இன்னும்... ஐயோ, போச்சு!"
தமிழ்ச் செய்தியில் வெள்ள எச்சரிக்கை;
ஆற்றின் பெயரைச் சொல்ல வாய் திறந்தவர்
அப்படியே
கட்டம் கட்டமாய் உறைந்து போனார்.

பழைய டிவியில் புள்ளி மழைக்குள்ளிருந்து
குரலாவது கேட்கும்.
இது வந்தால் முழுசாக வரும்,
இல்லாவிட்டால் சிக்னல் இல்லையென்று
மலாயில் மரியாதையாக எழுதிக் காட்டும்.

"எந்த ஆறாம்?"
கீழேயிருந்து கத்தினோம்.
அவள் பதில் சொல்லவில்லை.
ஒரு கையில் ஏரியல், மறு கையில் டார்ச்.
வெளிச்சம் பாலத்தடிக்குப் போய் நின்றது.

அங்கே எங்கள் ஆறு
பெயர் சொல்லாமலே
வந்துகொண்டிருந்தது.