இடது ஓரம்

முப்பது ரூபா.
மாங்குளம் சந்திப் பெட்டிக்கடையில்
பிஸ்கற் பக்கற்றுகளுக்குப் பின்னால்
வெயிலில் நீலம் பாரித்த அஞ்சலட்டைகள்.
தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாய் வந்த காலத்தில்
அடித்து மிஞ்சியவை என்றான் பெடியன்.

நடுவில் நினைவுத்தூண்.
சீமெந்துச் சிப்பாய், வெட்டிவிட்ட புல்.
கீழே மூன்று மொழிகளில் வெற்றி.
தமிழில் மட்டும்
ஒரு ‘ற்’ விடுபட்டிருக்கிறது.

இடது ஓரத்தில்
கத்தரி விட்டுவைத்த இரண்டு நூல் அகலத்தில்
எங்கள் கிணறு.
துலா இல்லை. கட்டு இருக்கிறது,
ரூபவதியக்கா வழுக்கிப் பல்லுடைத்த
அதே மூலை.

எங்களிடமும் அட்டைகள் இருந்தன.
கார்த்திகையில் அச்சாகும்:
விளக்குகள், ஈர மண், கல் வரிசைகள்.
தம்பி ஏழாவது வரிசை.
இரட்டைவாய்க்காலில்
சோதனைக்கு முந்தின இரவு
நானேதான் கொளுத்தினேன்.
கஞ்சி கொதிக்கவும் காணாத நெருப்பு.

இனி இந்தப் படம்தான்.

பின்பக்கம் நெடுநேரம் வெறுமையாய்க் கிடந்தது.
பிறகு எழுதினேன்:
‘அக்கா, தூணைப் பெருவிரலால்
மறைச்சுப்போட்டுப் பார்.’

தபாற்கந்தோரில்
அட்டையைத் திருப்பிப் படத்தைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்.
நோர்வேக்கு இது காணாது,
இன்னும் இருபது ரூபாவுக்கு
முத்திரை ஒட்ட வேணும் என்றார்.