மூன்று விரற்கடை

முதலில் பேவர் பிளாக்கைக் கழற்றினோம்.
அதன் கீழே சிமெண்ட்,
சிமெண்டுக்குக் கீழே தார்,
தாருக்குள் ஒட்டிக்கொண்ட ஒற்றைச் செருப்பு.
அதற்கும் அடியில்
முழங்கை ஆழத்தில் கிடந்தது தெரு.

கீழக்கரை, சங்குக் கிட்டங்கிச் சந்து.
ஜெட்டியிலிருந்து ஐஸ் கம்பெனி வரை
நூற்று நாற்பது மீட்டர்.
'பழைய நிலைக்குக் கொண்டுவருதல்' என்கிறது டெண்டர்.
எந்தப் பழைய நிலைக்கு என்று
எந்தப் பக்கத்திலும் இல்லை.

கறுப்புக் கல். இந்த மண்ணுக்குச் சொந்தமில்லாதது.
இங்கே தோண்டினால் மணல் வரும்,
இன்னும் தோண்டினால் உப்புத்தண்ணீர்.
சங்கேற்றிப் போன கப்பல்கள்
திரும்பி வர ஏற்றுவதற்கு ஒன்றும் கிடைக்காமல்
கவிழாதிருக்க வயிற்றில் போட்டு வந்ததாம்.
சரக்கில்லாததன் எடையை
இறக்கி
வரிசையாகப் பாவியிருக்கிறார்கள்.

நான் நம்பர் போடுகிறவள்.
வெள்ளைப் பெயிண்ட், மெல்லிய பிரஷ்,
ஒன்று முதல் மூவாயிரத்து அறுநூற்றுப் பதினேழு வரை.
கச்சான் அடித்த நாளில் மணல் ஒட்டி
எட்டெல்லாம் சைபராயின.
திரும்பப் போட்டேன்.

இருநூற்றுப் பன்னிரண்டாம் இடத்தில் குழி.
கல்
செய்னம்பு லாத்தா வீட்டுக் குழாயடியில்
துணி துவைத்துக்கொண்டிருந்தது.
"இதவிட நல்ல கல்லாத் தந்துட்டு எடுத்துக்க."
டெண்டரில் அதற்கு ஐட்டம் கிடையாது.
என் சம்பளத்தில் ஒரு கடப்பாப் பலகை போனது.

பிறகு களஞ்சியம் வந்தார்.
விடியல் மூன்று மணி, தள்ளுவண்டி,
சாக்கு போர்த்திய எட்டு ஐஸ் பார்.
"ஒங்களுக்குப் பழசு. எனக்கு அச்சு முறியும்.
குலுங்குற குலுக்கல்ல
ஜெட்டி சேருமுன்ன ரெண்டு பார் தண்ணி."
சென்னையிலிருந்து வந்த ஆலோசகர்,
மேடுபள்ளம்தான் இந்தத் தெருவின் குணம் என்றார்.
"அப்ப நீங்க தள்ளுங்க."
தள்ளினார், பாவம்.
பதினோரு கல் தாண்டி நின்றார்.

நடுத்தெருவில் இரண்டு தடம் உண்டு.
மாட்டுவண்டிச் சக்கரங்கள் நக்கி நக்கி
உள்ளங்கை ஆழத்துக்குப் பள்ளமாக்கிய கற்கள்,
கழுவிய தட்டு போல் வழுவழுப்பு.
"அதுல விட்டுப் பாருங்கண்ணே" என்றேன்.
இடது சக்கரம் இறங்கியது
தெரிந்த வீட்டுக்குள் போவதுபோல்.
வலது சக்கரம்
விளிம்பில் ஏறி நின்றது.

டேப் வைத்தேன்.
செத்த வண்டிகளுக்கும் இந்த வண்டிக்கும்
மூன்று விரற்கடை வித்தியாசம்.

அன்றிரவு எதுவும் பேசவில்லை யாரும்.
மறுநாள் நடு வரிசையைப் பதிக்கும்போது
கல்லுக்கும் கல்லுக்கும் இடையில்
ஒரு நூல், இன்னொரு நூல் என்று
இடம் விடச் சொன்னேன்.
சங்குத்தூள் கலந்த சுண்ணாம்பை
இழைத்துக்கொண்டே நிமிர்ந்தார் மேஸ்திரி சோலைராசு.
"வரைபடத்துல இப்படி இல்லையேம்மா?"
"வரைபடம் நனைஞ்சிருச்சு."
அவர் வானத்தைப் பார்த்தார்.
சித்திரை. ஒரு மேகமில்லை.
குனிந்து
வலது தடத்தை மூன்று விரல் தள்ளி வைத்தார்.

அளவுப் புத்தகத்தில் எழுதினேன்:
கற்கள் பழைய தடத்திலேயே பதிக்கப்பட்டன.
தேதி. கையெழுத்து.
'லேயே' என்ற எழுத்துகளில் மட்டும்
மை கொஞ்சம் கூடுதலாக விழுந்துவிட்டது.

இப்போது மூன்று மணிக்கு விழித்துக்கொள்கிறேன்.
ஐஸ் கம்பெனிக் கதவு,
பிறகு சக்கரம்,
நெடுக ஒரே சத்தம், வழுக்கிக்கொண்டு.
ஓரிடத்தில் மட்டும்
டொக்.
இருநூற்றுப் பன்னிரண்டு.
துவைத்துத் துவைத்து ஒரு பக்கம் தேய்ந்த கல்,
அடியில் சல்லி போட்டால் ஆட்டம் நின்றுவிடும்.
நாளைக்குப் போடலாம்.