மறுபக்கம், நாலாம் பாட்டு

வேலந்தாவளம் செக்போஸ்ட்டுக்கு
இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று
ரெண்டு பஞ்சாயத்துக்கும் தெளிவில்லாத எண்ணெய் மில்.
கரண்ட் மட்டும் கேரளா.
ஓடாத செக்கின் மேல் ஆம்ப்ளிஃபயர்.
கொப்பரைச் சிக்குவாடை விடாத சுவரில் பட்டு
என் ஸ்நேர் அடி திரும்பி வரும்போது
பிசுபிசுப்போடு வந்தது.

கேசட்டின் முதல் பக்கம் வெறும்வண்டி.
மறுபக்கம் ஓவர்லோடு.
போன ஆனி வரை ரெண்டும் ஒரே கூட்டம்,
ஒரே வேன், ஒரே பசி.
வேன் தவணையில் தொடங்கிய சண்டை
ஒரு பாட்டின் மூன்றாம் வரியில் போய்க்
குத்திட்டு நின்றது:
'நாங்கள்' என்பாள் மரகதவல்லி.
'நம்மள்' என்பாள் ஷிஜினா.
கேட்கிறவனைச் சேர்ப்பதா, வெளியே நிறுத்துவதா,
அவ்வளவுதான்.
மூன்று கார்டு பாட்டுக்கு
முப்பது நாள் பேச்சில்லை.
அப்புறம் கிட்டார்கள் ஆளுக்கொன்று.
வேன் ஃபைனான்ஸ்காரனுக்கு.

என்னையும்
பேஸ் வாசிக்கும் புதுநகரம் ஹக்கீமையும்
யாரும் பங்கு பிரிக்கவில்லை.
கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில்
அடி வாங்க இருந்த டிரம் செட் ஒன்றுதான்.
அட்டையில் என் பேர் இரண்டு தடவை:
தமிழில் சண்முகராசு, மலையாளத்தில் ஷண்முகராஜ்.
சம்பளம் ஒரு தடவை.

ஒரே ராத்திரியில் ரெண்டு பக்கமும்.
காசு அவ்வளவுக்குத்தான்.
கூட்டம் நாற்பத்தொன்று,
வரிசையில் நின்ற லாரிகளின் கிளீனர்களையும் சேர்த்து.
சத்தம் கேட்டு வந்த செக்போஸ்ட்காரர்
பழக்கதோஷத்தில் கேட்டார்: "எந்தா லோடு?"
"சத்தம் சார்."
"பில்லுண்டோ?"
அதுவும் டேப்பில் இருக்கிறது.
ஏர் ஹாரன் பன்னிரண்டு இடத்தில் இருக்கிறது.

முதல் பக்கம் முடிந்ததும் வல்லி
மைக்கை ஷிஜினா கையில் தரவில்லை.
தரையில் வைத்துவிட்டுப் போனாள்.
ஸ்பீக்கர் ஊளையிட்டது நாலு விநாடி.
அது யார் கணக்கிலும் சேராது.
நான் சட்டை மாற்றினேன்.
பேண்ட் மாறும்போது
சட்டையாவது மாற வேண்டாமா.

அந்தப் பாட்டு ரெண்டு பக்கத்திலும் உண்டு,
விட்டுக்கொடுக்க ஆளில்லாமல்.
அங்கே ரெண்டு நிமிஷம் நாலு விநாடி.
இங்கே பதினொரு விநாடி குறைவு.
கோபம் யாருக்கு அதிகமென்று
என் மணிக்கட்டுக்குத் தெரியும்.

பத்து நாள் கழித்து, சித்தூரில்,
மிக்ஸ் பண்ணிக்கொண்டிருந்த ரினேஷ் நிறுத்தினான்.
ஹெட்போனைக் கழற்றி என் காதில் மாட்டினான்.
மறுபக்கம், நாலாம் பாட்டு, மூன்றாம் வரி.
மேலே ஷிஜினா.
அடியில், என் டிரம் மைக்கில் மட்டும்,
கதவோரத்திலிருந்து இன்னொரு குரல்.
மைக் இல்லாமல், தொண்டை கிழிய,
ஒரு எழுத்துப் பிசகாமல்
'நம்மள்'.

"இதெந்தாடா? வெட்டட்டே?"

பின்னால் ஓட்டச் சொல்லி
இன்னொரு தடவை கேட்டேன்.

"லாரி" என்றேன்.
"இருக்கட்டும்."