பன்னிரண்டாவது டேக்

பழைய படத்தில் அந்தப் பெண் விழுவது
மூன்றே விநாடி.
புதியதில் எட்டு.
அதனால் ஒடாலிஸ் எட்டு விநாடி விழுகிறாள்.

பிராங்க்ஸிலிருந்து இரண்டு ரயில் மாறி வருகிறவள்.
நிஜப் பள்ளியில், நிஜத் தேர்வில்
ஒருமுறைகூடத் தடுக்காத கால்.
இங்கே தடுக்கினால்தான் சம்பளம்.

நான் பியானோவில்.
கட்டைகளுக்கு அடியில் கம்பளி திணித்திருக்கிறார்கள்.
இசை பிறகு வருமாம்.

"அழகாக விழாதே" என்கிறார் இயக்குநர்.
அவள் கணுக்காலுக்கு அது புரியவில்லை.
கடைசி நொடியில் உடம்பைத் தாங்கிவிடுகிறது,
ஏழு வருஷப் பழக்கம்.

பன்னிரண்டாவதில்
முழங்கை, இடுப்பு, பிறகு தலை.
மரத்தரையில் ஒரு சத்தம்.
அதை மட்டும் பிறகு சேர்க்க வேண்டியதில்லை.

எல்லோரும் கைதட்டினார்கள்.
அவள் எழவில்லை. சிரித்துக்கொண்டிருந்தாள்,
அல்லது அப்படித்தான் நினைத்தேன்.

சாப்பாட்டு வேளையில், முழங்கையில் ஐஸ் பையோடு
என் தட்டிலிருந்து உருளை வறுவலை எடுத்தபடி கேட்டாள்:
"பழசில் விழுந்தாளே,
அவள் பெயர் கடைசியில் வருமா?"

போனில் ஓட்டிப் பார்த்தோம்.
வந்தது: மாணவி 4.

"நான் ஆறு" என்றாள்,
இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டு.