திரும்பிப் பார்க்கிறதா

கிளினிக் கொப்பியில் ஒன்பதாம் மாதத்துக்கு
ஒரு கேள்வி இருந்தது.
பெயர் சொன்னால் திரும்பிப் பார்க்கிறதா?
றிஸ்மினா என்னைப் பார்த்தாள்.
நான்தான் பேனையை வாங்கிச்
சரி போட்டேன்.

பிறந்த அன்றைக்கு வலக் காதில்
பாங்கு சொன்னதும் நான்தான்.
அப்போது கண்ணை இறுக்கி
வாயைக் கோணினான். கேட்டிருக்கிறது.

இப்போது பதினாலு மாதம்.
அர்ஹம் என்கிறேன். அர்ஹம். டேய், மனே.
விளையாட்டு லொறியைக் கவிழ்த்துப் போட்டு
ஒரு சில்லை மட்டும் சுழற்றிக்கொண்டிருக்கிறான்.
ஆம்புளப் புள்ள சுணங்கித்தான் பேசும்,
இவன்ட வாப்பாவும் அப்பிடித்தான் எண்டு
சாச்சி என்னையும் சேர்த்துச் சொல்லிப் போனா.

பின்னேரம் நாலரைக்கு
நிந்தவூர்க் கடற்கரை வீதியால் பாண் ஓட்டோ வரும்.
நமக்குக் கேட்க முன்னமே
அவன் கழுத்து நிமிரும்.
செவிடு இல்லை என்ற சந்தோசத்தில்
இரண்டு றாத்தல் வாங்கினோம்.
இரவு றிஸ்மினா,
கேட்குதெண்டால் நம்மளை ஏன்...
முடிக்கவில்லை.
பாண் காய்ந்து போனது.

மிஸ்ஸி துண்டு எழுதித் தந்தா.
முதலில் கல்முனை, பிறகு மட்டக்களப்பு.
சரிக்கு மேலே நான் கீறியிருந்த கோட்டைப் பார்த்தும்
ஒன்றும் கேட்கவில்லை.

நேற்று, வீட்டில் யாரும் இல்லாத நேரம்
பாண் ஓட்டோவின் மெட்டை
வாய்க்குள் முனகிப் பார்த்தேன், வெட்கத்தோடு.
சில்லு நின்றது.
வந்தான்.
முகத்தைப் பார்க்கவில்லை.
தொண்டையில் விரலை வைத்து
அதிர்கிற இடத்தைத் தேடினான்.

மெட்டுக்கு நடுவில், மெல்ல,
அர்ஹம் என்றேன்.
விரலை எடுக்கவில்லை.